ஸ்காட்லாந்து – இங்கிலாந்து எல்லையில் ஒரு நிதானமான விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் போகிறவர்களில் பெரும்பாலானோர் நடுவில் வரும் எல்லைப்பகுதியை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இறங்கிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ரயில், நடை, நடுவில் சில நாளுக்கு எலக்ட்ரிக் கார் என்று மூன்றையும் கலந்து போகும் பயணம் இது. ஓட்டமாக ஓடிப் பத்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

சரியாக எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே, கிழக்கே பெரிக் நகரத்துக்குச் சற்று வடக்கிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை, சுமார் 154 கி.மீ. நீளத்துக்கு ஒரு எல்லைக்கோடு போகிறது. அந்தக் கோட்டின் இரு பக்கமும்தான் நம் பயணம். வடக்கே ஸ்காட்டிஷ் பார்டர்ஸ் மாவட்டம்; மெல்ரோஸ், ஜெட்பரோ, கெல்சோ, ஹாயிக் முதலான சிற்றூர்கள் அதில்தான் இருக்கின்றன. தெற்கே நார்த்தம்பர்லாந்து, மேற்கே கம்ப்ரியா. நடுவில் செவியட் மலைகள். ட்வீட் ஆறு ஸ்காட்லாந்தில் பிறந்து, கொஞ்ச தூரம் தானே எல்லையாக ஓடி, கடைசியில் இங்கிலாந்துக்குள் நுழைந்து கடலில் கலக்கிறது.

1237-இல் யார்க் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இந்த எல்லை ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் இவ்வளவு பழைய எல்லைகள் குறைவு. ஆனால் காகிதத்தில் எல்லை வந்ததால் தரையில் அமைதி வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர்தானே எல்லை?

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய அந்தச் சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேதான் இருக்கிறது. மேற்கு முனையில் எல்லைக்கு மிக அருகில் வரும். கிழக்கு முனையில் கிட்டத்தட்ட 100 கி.மீ. தெற்கே தள்ளி நிற்கும். சுவர் எழுந்த காலத்தில் இங்கிலாந்தும் கிடையாது, ஸ்காட்லாந்தும் கிடையாது. அதைப் பார்ப்பதென்றால் நியூகாசில் – கார்லைல் ரயில் பாதையில் ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசிலில் இறங்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? மலை வேண்டுமானால் ஹைலேண்ட்ஸ் போகலாமே?

போகலாம், எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். எல்லைப்பகுதியில் இயற்கைக் காட்சி இரண்டாம் பட்சம்தான். இரண்டு அரசுகள் மாறி மாறி மிதித்த ஒரு நிலத்தில் ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது கல்லிலும் மண்ணிலும் இன்னும் தெரிகிறது. அதற்காகத்தான் போக வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே ரீவர்கள் என்ற கூட்டத்தார் கோலோச்சினார்கள். ஆம்ஸ்ட்ராங், எலியட், கெர், ஸ்காட், கிரஹாம், சார்ல்டன், ராப்சன் என்று குடும்பப் பெயரை வைத்தே கூட்டம். ராத்திரியில் குதிரை ஏறிப் போய் அடுத்த பள்ளத்தாக்கின் மாடுகளை ஓட்டி வந்துவிடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலாந்துக்காரனிடம்தான் திருடினான் என்றில்லை. பகையென்றால் பக்கத்து வீடும் தப்பாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்து, பெண் கொடுத்துச் சம்பந்தமும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு அரசுகளும் எல்லையை கிழக்கு, நடு, மேற்கு என்று பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் அதிகாரியை வைத்தன. எல்லைக்கென்றே தனிச் சட்டமும் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாளுக்குள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு எல்லை தாண்டியும் துரத்தலாம். ஆனால் திருட்டுத்தனமாகப் போகக் கூடாது: எரியும் புல்மண் கட்டியை ஈட்டி முனையில் குத்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாய்களோடும் கூச்சலோடும் போக வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவன் உதவ மறுத்தால் அவனும் குற்றத்துக்கு உடந்தை. வெட்சியும் கரந்தையும் படித்தவர்களுக்கு இது புதுக்கதையாகவே தோன்றாது.

1603-இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் அரசரானார். எல்லை திடீரென்று அவருடைய ராஜ்யத்தின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ரீவர்களைத் தூக்கிலிட்டும் நாடு கடத்தியும் சில வருடங்களில் அடக்கினார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் பல நாடுகளுக்குப் பரவினார்கள். நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1972-இல் தம் முன்னோர் ஊரான லாங்கமுக்கு வந்து கௌரவக் குடிமகன் பட்டம் வாங்கிக்கொண்டு போனார். ஆம்ஸ்ட்ராங்குகளைக் கண்டாலே நடுங்கிய ஊர்ப்பக்கம் அது!

எத்தனை நாள் வேண்டும்?

ஒரு வாரம் என்றால் திருப்தி. ஐந்து நாள் போதும் என்றும் சொல்லலாம். அதற்குக் குறைவென்றால் ஒரே ஊரில் தங்கிச் சுற்றியுள்ளதை மட்டும் பாருங்கள். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதில்தான் பாதி விடுமுறை போகும். நான் போட்டுக் கொடுப்பது இப்படி: மெல்ரோஸ் பக்கம் மூன்று இரவு, ஜெட்பரோ அல்லது கெல்சோவில் இரண்டு, கடற்கரைக்குப் பக்கத்தில் பெரிக்கில் இரண்டு.

ரயில், நடை, எலக்ட்ரிக் கார் என்று எதற்கு மூன்று? கார் ஒன்றே போதாதா?

போதும்தான், ஆனால் நஷ்டம் உங்களுக்கு. எடின்பரோவிலிருந்து வருவதற்கும் போவதற்கும் ரயில் இருக்கிறது. பார்க்கிங் தலைவலி கிடையாது. மெல்ரோஸைச் சுற்றி இருப்பதெல்லாம் நடக்கிற தூரம். தெற்கிலும் மேற்கிலும் இருக்கும் பள்ளத்தாக்குகளில்தான் ரயிலும் கிடையாது, பஸ்ஸும் அரிது. அங்கே கார் இல்லாமல் முடியாது. ஆக வாரம் முழுவதற்கும் வாடகை கொடுப்பதைவிட, நடுவில் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கார் எடுப்பது புத்திசாலித்தனம்.

ஒரே சிக்கல், இந்தச் சிற்றூர்களில் வாடகைக் கார் எளிதில் அகப்படாது. முன்பதிவு செய்யும்போதே எங்கே எடுத்து எங்கே விட முடியும் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஊர்களின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எடின்பரோவில் எடுத்து எடின்பரோவிலேயே விடுவதுதான் எளிது. அப்படியானால் முதல் பாதியை ரயிலிலும் நடையிலும் முடித்துவிட்டு, நடுவில் ஒரு நாள் ரயிலில் திரும்பிப் போய்க் காரை எடுத்து வரலாம். ஒரு மணி நேரப் பயணம்தான்.

எந்த ரயில்?

இரண்டு பாதைகள்.

முதலாவது பார்டர்ஸ் ரயில்வே. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ட்வீட்பேங்க் வரை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பகலில் பொதுவாக அரை மணிக்கு ஒரு வண்டி. இந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. முன்பு எடின்பரோவிலிருந்து ஹாயிக் வழியாக கார்லைல் வரை ரயில் ஓடியது. நஷ்டக் கணக்குக் காட்டி 1969 ஜனவரியில் மூடினார்கள். கடைசி இரவு வண்டி நியூகாசில்டனுக்கு வந்தபோது ஊர் ஜனங்கள் லெவல் கிராசிங் கதவைப் பூட்டிவிட்டுத் தண்டவாளத்தில் நின்றுகொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஊர்ப் பாதிரியார். போலீஸ் அவரைக் கைது செய்தது. வண்டியில் வந்துகொண்டிருந்த தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து சமரசம் பேசி, பாதிரியாரை விடுவித்தால் கலைந்து போகிறோம் என்று முடிவாயிற்று.

அதன்பிறகு 46 வருடம் அந்த வட்டாரத்துக்கு ரயிலே கிடையாது. 2015 செப்டம்பரில் ட்வீட்பேங்க் வரை சுமார் 48 கி.மீ. மட்டும் மீண்டும் திறந்தார்கள். எலிசபெத் ராணி நீராவி ரயிலில் வந்து தொடங்கி வைத்தார். ஹாயிக், கார்லைல் வரை நீட்டுவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் நியூட்டன்கிரேஞ்சில் இறங்கினால் பழைய லேடி விக்டோரியா நிலக்கரிச் சுரங்கம் அருங்காட்சியகமாக இருக்கிறது. காலாஷீல்ஸில் ஸ்காட்லாந்தின் வரலாற்றைக் கையால் தைத்த 160 தையல் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம், நிலையத்திலிருந்து பொடி நடை.

இரண்டாவது, கிழக்குக் கடற்கரை ரயில் பாதை. எடின்பரோவிலிருந்து பெரிக்குக்கு முக்கால் மணி நேரம். எடின்பரோவிலிருந்து வரும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பர்ன்மவுத்தைத் தாண்டியதும் வண்டி கடலோரப் பாறை விளிம்பிலேயே ஓடும். எல்லைக்கோடு இங்கேதான் தண்டவாளத்தைக் கடக்கிறது, ஓரமாக ஒரு பலகை நிற்கும். கண் சிமிட்டினால் போய்விடும்.

நடந்து பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. ட்வீட்பேங்க் நிலையத்திலிருந்து ஆபட்ஸ்ஃபர்டு மாளிகைக்கு இருபது நிமிட நடை. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1811-இல் ஆற்றோரத்தில் ஒரு சாதாரணப் பண்ணையை வாங்கி, கோட்டையைப் போலக் கட்டிக்கொண்ட வீடு இது. 1826-இல் பதிப்பகம் நொடித்து அவர் தலையில் பெருங்கடன் விழுந்தது. வீட்டை விற்கவில்லை, கடனை அடைக்க எழுதி எழுதியே ஓய்ந்து, 1832-இல் இங்கேயே இறந்தார். அதே நிலையத்திலிருந்து மறுபக்கம் ஆற்றோரமாகவே போனால் மெல்ரோஸ், சுமார் மூன்று கி.மீ., ஏற்றமே இல்லை.

கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்றால் மெல்ரோஸுக்கு மேலேயே நிற்கும் ஈல்டன் மலைகள். மூன்று குன்றுகள், உயரமானது 422 மீட்டர். ஏறி இறங்க அரை நாள். வடக்குக் குன்றின் உச்சியில் ரோமானியர்களுக்கும் முந்தைய மண் கோட்டையின் வளையம் புல்லுக்குள் தெரியும். அடிவாரத்தில் ரோமானியர் முகாம் அமைத்து, இந்த மூன்று குன்றுகளை வைத்தே டிரைமாண்டியம் என்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்டில் குன்றின் பாதிப் பரப்பு ஹெதர் என்ற குறும்புதர் பூத்து ஊதாவாகிவிடும்.

நன்றாக நடக்கிறவர்களுக்கு செயின்ட் கத்பர்ட் வழி: மெல்ரோஸ் மடாலயத்தில் தொடங்கி லிண்டிஸ்ஃபார்ன் தீவில் முடியும் 100 கி.மீ. பாதை, பொதுவாக ஐந்தாறு நாள். 651-இல் மெல்ரோஸில் துறவியாகச் சேர்ந்து, பிற்பாடு லிண்டிஸ்ஃபார்ன் போன கத்பர்ட்டின் வாழ்க்கையை ஒட்டி அமைத்தது. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் கிர்க் யெத்தம் கிராமத்திலிருந்து எல்லை வரை ஏறிவிட்டுத் திரும்புங்கள். மேலே ஒரு கல் வேலி, மரக் கதவு, பக்கத்தில் ஒரு பலகை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே புல், அதே ஆடுகள். ஆயிரக்கணக்கானோர் செத்தது இந்தக் கோட்டுக்காகவா என்று தோன்றும்.

நல்ல பிடிமானமுள்ள, தண்ணீர் புகாத ஷூ அவசியம். ஆட்டுப் பட்டி நிலங்களில் உண்ணி இருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, ராத்திரி காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடைய நிலத்திலும் புகுந்து நடக்கலாமாமே?

ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய அப்படித்தான். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்கும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. வீட்டை ஒட்டிய தோட்டமும், பயிர் நிற்கும் வயலின் நடுவும் கூடாது. வேலியைத் தாண்டி இங்கிலாந்துக்குள் கால் வைத்ததும் சட்டம் மாறிவிடும். அங்கே குறியிட்ட பொதுப் பாதைகளிலும், திறந்த நிலம் என்று வரையறுத்த இடங்களிலும் மட்டும்தான். எந்தப் பக்கமானாலும் கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

நான்கு மடாலயங்களையும் பார்த்தே ஆக வேண்டுமா?

மெல்ரோஸ், ட்ரைபரோ, ஜெட்பரோ, கெல்சோ. நான்கும் 12-ஆம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்தின் முதலாம் டேவிட் அரசர் காலத்தில் எழுந்தவை. எல்லையோரத்தில் இப்படி வரிசையாகக் கட்டியதில் பக்தி பாதி, இந்த மண் என்னுடையது என்று அண்டை நாட்டுக்குக் காட்டும் எண்ணம் பாதி. அதற்கான விலையையும் அவைதான் கொடுத்தன. 1544, 1545-இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, ஸ்காட்லாந்தின் குழந்தை ராணி மேரியைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க ஸ்காட்லாந்து மறுத்ததால் படை அனுப்பினார். மடாலயங்கள் எரிந்தன.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மெல்ரோஸ். ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ் அரசரின் இதயம் இங்கேதான் புதைந்திருப்பதாக நம்புகிறார்கள். 1921-இல் கிடைத்த ஈயப் பேழையை 1996-இல் மறுபடி தோண்டியெடுத்து ஆராய்ந்து, 1998-இல் திரும்ப அடக்கம் செய்து மேலே ஒரு கல் பதித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கூரை விளிம்பைத் தேடுங்கள்: ஒரு பன்றி பேக்பைப் வாசித்துக்கொண்டிருக்கும். செதுக்கிய கல்தச்சர் யாரைக் கேலி செய்தாரோ! கல் உதிர்வதால் சில பகுதிகளை அவ்வப்போது வேலி போட்டு அடைப்பதுண்டு. மடாலயத்தைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவதாக ட்ரைபரோ. மரங்களுக்கு நடுவில், ஆற்று வளைவில், ஆள் நடமாட்டமே இல்லாத இடம். வால்டர் ஸ்காட்டின் கல்லறை இங்கேதான். ஜெட்பரோவில் சுவர்கள் முழு உயரத்துக்கு நிற்கின்றன, கூரைதான் இல்லை. கெல்சோவில் மிச்சம் கொஞ்சம்தான்; ஊருக்காகப் போங்கள், கல் பாவிய சதுக்கம் அழகு.

எலக்ட்ரிக் காரில் சார்ஜ் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டால்?

தூரங்களைப் பார்த்தால் இந்தப் பயம் போய்விடும். மெல்ரோஸிலிருந்து ஜெட்பரோ சுமார் 20 கி.மீ., கெல்சோவும் அதே அளவு. ஹாயிக்கிலிருந்து ஹெர்மிடேஜ் கோட்டை 25 கி.மீ. இரண்டு நாள் சுற்றினாலும் 250 கி.மீ.யைத் தாண்டுவது கஷ்டம். புதிய கார்கள் பலவற்றுக்கு ஒரு முழு சார்ஜ் கிட்டத்தட்டப் போதும். குளிர்காலத்தில் மட்டும் தூரம் குறையும், ஹீட்டரும் பேட்டரியைத் தின்னும்.

நடைமுறையில் வேறு சில விஷயங்கள்தான் சோதிக்கும். பல ஊர்க் கார் நிறுத்தங்களில் இருக்கும் மெதுவான சார்ஜர்களில் கேபிள் இருக்காது, உங்களுடையதைச் செருக வேண்டும். காரை வாங்கும்போதே டிக்கியைத் திறந்து டைப் 2 கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமான சார்ஜர்களில் கேபிள் அதிலேயே தொங்கும். பெரும்பாலும் சிசிஎஸ் என்ற வேக சார்ஜ் பிளக் வகை. 50 கிலோவாட் சார்ஜரில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டு ஆகும். 80-க்கு மேல் வேகம் குறைந்துவிடும், காத்திருப்பது வீண். புதிய வேக சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். பழையவற்றுக்கு ஆப் கேட்கும். கிராமத்துக்குள் போனபின் சிக்னல் கிடைக்காது, ஆப்பை ஊரிலிருக்கும்போதே இறக்கி வையுங்கள்.

சரி, எது சிறந்தது? தங்குமிடத்தில் ராத்திரி சார்ஜ் போடுவதுதான். 7 கிலோவாட் என்றால் காலைக்குள் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும். சாதாரண மூன்று முனை பிளக்கில்கூட ஒரு ராத்திரியில் நூறு கி.மீ.க்கு மேல் ஓடுமளவு ஏறும். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஜன்னல் வழியாக ஒயர் இழுக்காதீர்கள்.

காரைத் திருப்பித் தரும்போது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் படியுங்கள். குறைந்தால் அபராதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு லைசென்ஸ் செல்லுமா? சாலை எப்படி?

வேறு நாட்டு முழு லைசென்ஸ் வைத்திருக்கும் சுற்றுலாப் பயணி பிரிட்டனுக்கு வந்ததிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயது, அனுபவம் பற்றித் தனி விதி வைத்திருக்கும். வண்டி இடது பக்கம்தான்.

சிறு பள்ளத்தாக்குகளில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்துக்குச் சாலை இருக்கும், இடையிடையே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நின்று அவரை ஒதுங்க விடுங்கள். பின்னால் அவசரக்காரர் வந்தாலும் அதே இடத்தில் வழி விடலாம். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அது நன்றி, நீங்களும் தூக்குங்கள். ஊருக்குள் பல இடங்களில் மணிக்கு 20 மைல்தான் வேகம். வேகமெல்லாம் மைல் கணக்கு என்பது நினைவிருக்கட்டும்.

காரில் போக ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால்?

ஹெர்மிடேஜ் கோட்டை. ஹாயிக்கிலிருந்து மரங்களற்ற மேட்டைத் தாண்டி லிட்டஸ்டேல் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது சுற்றிலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு கருத்த கல் கட்டடம் எழுந்து நிற்கும். ஜன்னல்கள் மிகக் குறைவு. கிழக்கு, மேற்குப் பக்கங்களில் மட்டும் பிரம்மாண்டமான வளைவு. அலங்காரம் என்று ஒரு துரும்பு கிடையாது.

1342-இல் வில்லியம் டக்ளஸ் தன் போட்டியாளரான அலெக்சாண்டர் ராம்சேயை இங்கே குழியில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார். மேலே இருந்த தானியக் களஞ்சியத்திலிருந்து உதிர்ந்த மணிகளைத் தின்று ராம்சே சில நாள் உயிரோடு இருந்தார் என்பார்கள். 1566 அக்டோபரில் மேரி ராணி, காயம்பட்டுக் கிடந்த பாத்வெல் பிரபுவைப் பார்க்க ஜெட்பரோவிலிருந்து குதிரையில் இங்கே வந்து அன்றைக்கே திரும்பினார். போக வர 80 கி.மீ., சதுப்பு நிலம். திரும்பியதும் காய்ச்சலில் விழுந்து சாகும் நிலைக்குப் போனார். அவர் தங்கியதாகச் சொல்லும் வீடு ஜெட்பரோவில் அருங்காட்சியகமாக இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் கோட்டைக்குப் போனால் அந்த ஒருநாள் சவாரி எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று புரியும்.

கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும். பக்கத்தில் கடை எதுவும் இல்லை, தண்ணீரும் தின்ன ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தாண்டும்போது பாஸ்போர்ட் காட்ட வேண்டுமா?

வேண்டாம், சோதனைச் சாவடியே இல்லை. ஜெட்பரோவுக்குத் தெற்கே கார்ட்டர் பார் கணவாயில் 418 மீட்டர் உயரத்தில் பெரிய எல்லைக் கல் ஒன்று இருக்கிறது. எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா வேண்டும், அது இரண்டு பக்கத்துக்கும் பொது. மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜனவரியிலிருந்து முன்கூட்டியே இடிஏ மின் அனுமதி வாங்க வேண்டும்.

பணம் இரண்டு பக்கமும் பவுண்டுதான். ஆனால் ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு அச்சிடுகின்றன. தெற்கே போனால் சில கடைக்காரர்கள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். செலவழித்துவிட்டே தெற்கே போங்கள். இன்னொரு வித்தியாசம்: குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு ஸ்காட்லாந்தில் 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி., இங்கிலாந்தில் 80 மி.கி. கணக்குப் போடாமல், ஓட்டும் நாளில் குடிக்காமல் இருப்பதே நல்லது.

பெரிக்கில் இரண்டு நாள் என்ன செய்வது?

இந்த ஊர் இரு நாடுகளுக்கும் இடையே 13 முறை கை மாறியது என்பது வழக்கமான கணக்கு. 1482-இல் கடைசியாக இங்கிலாந்திடம் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஊர்க் கால்பந்து அணி மட்டும் இன்றும் ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான் ஆடுகிறது!

ரயிலை விட்டு இறங்கியதுமே வரலாறு தொடங்கிவிடும். ஸ்காட்லாந்தின் அரசர் யார் என்று 1292-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் தீர்ப்புச் சொன்ன கோட்டை மண்டபம் இருந்த இடத்தில்தான் நடைமேடை இருக்கிறது. ரயில் பாதைக்காகக் கோட்டையை இடித்தார்கள். பக்கத்தில் ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1850-இல் விக்டோரியா ராணி திறந்த 28 வளைவுப் பாலம். பெயர் ராயல் பார்டர் பாலம். எல்லை அதற்கு ஐந்து கி.மீ. வடக்கே!

பீரங்கித் தாக்குதலைத் தாங்க 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்ணணைத்த மதில்மேல் ஊரைச் சுற்றி நடக்கலாம், ஒரு மணி நேரம். மதிலில் தடுப்புக் கம்பி பல இடங்களில் கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். கார் கையிலிருந்தால் உள்நாட்டில் யூனியன் சங்கிலிப் பாலத்துக்குப் போங்கள். 1820-இல் கட்டியது, பழுதுபார்த்து 2023-இல் மறுபடி திறந்தார்கள். நடுவில் நின்றால் ஒரு கால் ஸ்காட்லாந்தில், ஒரு கால் இங்கிலாந்தில்.

லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போவது ஆபத்தா?

கடல் நேரத்தைப் பார்க்காமல் போனால் ஆபத்து. தீவுக்குப் போகும் தார்ச்சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்த்தம்பர்லாந்து கவுன்சில் வெளியிடுகிறது; சாலையின் இரு முனையிலும் ஒட்டியிருக்கும். அப்படியும் வருடா வருடம் யாராவது அவசரப்பட்டுக் காரைக் கடலில் விட்டுவிட்டு, தூண்களின் மேல் நிற்கும் அடைக்கலக் குடிசையில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பேட்டரிக் காருக்கு உப்புத் தண்ணீர் எமன். சாலையில் கொஞ்சம் தண்ணீர் நின்றால்கூடக் காத்திருங்கள்.

635-இல் துறவி எய்டன் இங்கே மடம் அமைத்தார். 793-இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினார்கள். சேற்றுமணல் வழியாகக் கழிகள் நட்ட பழைய யாத்திரைப் பாதையிலும் நடந்து போகலாம். அதற்குத் தார்ச்சாலை நேரம் பொருந்தாது, இன்னும் குறைவான நேரமே கிடைக்கும். முதல் தடவை வழிகாட்டியோடு போங்கள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த மாதத்தில் ஊர் ஊராக எல்லைச் சவாரித் திருவிழா நடக்கும். நூற்றுக்கணக்கான குதிரைகள் ஊர் நிலத்தின் எல்லையைச் சுற்றி வரும். செல்கர்க்கில், ஸ்காட்லாந்து இங்கிலாந்திடம் தோற்ற 1513 ஃபிளாடன் போரிலிருந்து ஒரே ஒருவன் எதிரியின் கொடியோடு திரும்பினான் என்ற ஐதீகத்தை வைத்துச் சதுக்கத்தில் கொடி வீசுவார்கள். விழா நாட்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, முன்பே பதிவு செய்யுங்கள். சாலைகளையும் அடைத்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

பெரிய பிரச்சினை இல்லை. தங்குமிடங்களில் காலை உணவுக்குச் சைவம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆட்டு உள்ளுறுப்புகளால் செய்யும் ஹேகிஸ்கூடச் சைவத்தில் வருகிறது. செல்கர்க் பேனக் என்ற உலர்திராட்சை ரொட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நடைப்பயணத்துக்கு ஆகும். கிராமங்களில் சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். எட்டரைக்குப் போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான்.

கார் ஓட்டவே தெரியாது. என்ன செய்வது?

ஹெர்மிடேஜை மறந்துவிடுங்கள், மற்றதெல்லாம் கிடைக்கும். காலாஷீல்ஸ் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பஸ் நிலையம். மெல்ரோஸ், கெல்சோ வழியாகப் பெரிக்குக்கு ஒரு தடம். செல்கர்க், ஹாயிக் வழியாகக் கார்லைலுக்கு எக்ஸ்95. மூடிப்போன ரயிலைப் போலவே அதுவும் ஹாயிக் வழியாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு.

எடின்பரோவில் இருக்கிறோம், ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும்.

காலை ஒன்பது மணி வாக்கில் வேவர்லியில் ட்வீட்பேங்க் வண்டியைப் பிடியுங்கள். இறங்கி நடந்து ஆபட்ஸ்ஃபர்டு, அங்கிருந்து ஆற்றோரமாக மெல்ரோஸ், சாப்பாடு, மடாலயம். கால் ஒத்துழைத்தால் ஈல்டனின் முதல் குன்று மட்டும். திரும்பி ட்வீட்பேங்க் வர பஸ்ஸும் உண்டு. சாயங்கால வண்டியைத் தவறவிட்டாலும் அடுத்தது வரும், ஆனால் இரவில் இடைவெளி கூடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.